கால அட்டவணை யார் கையில்?

டென்வர் நகரத்து மேனுவல் உயர்நிலைப் பள்ளி 2001இல் மூன்றாகப் பிரிந்தது. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள், மூன்று தலைமையாசிரியர்கள். செலவுக்கு கேட்ஸ் அறக்கட்டளை கைகொடுத்தது. பெரிய பள்ளியில் பிள்ளைகள் கூட்டத்தில் தொலைந்துபோகிறார்கள். பள்ளியைச் சிறிதாக்கினால் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையையும் தெரியும். தெரிந்தவர் பாடம் சொல்லும்போது பிள்ளை படிக்கும். இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. ஆனால் விருப்பப் பாடங்கள் சுருங்கின, மாணவர் எண்ணிக்கை சரிந்தது, 2006இல் பள்ளியையே மூடும்படி ஆயிற்று. மறு ஆண்டு 9ஆம் வகுப்பை மட்டும் வைத்து முதலிலிருந்து தொடங்கினார்கள்.

நியூயார்க்கில் மன்ஹாட்டனின் அப்பர் ஈஸ்ட் சைடில் இருந்த ஜூலியா ரிச்மன் உயர்நிலைப் பள்ளியும் ஒரு காலத்தில் இதேபோல் தடுமாறிய பெரிய பள்ளிதான். அங்கே எடுத்தோம் கவிழ்த்தோம் என்று பிரிக்கவில்லை. 1990களின் நடுவில் பழைய பள்ளிக்குப் புது மாணவர் சேர்க்கையை நிறுத்தினார்கள். புதிய சிறு பள்ளிகளை வேறிடங்களில் தொடங்கி, அவை கொஞ்சம் காலூன்றிய பிறகே அந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தார்கள். நான்கு உயர்நிலைப் பள்ளிகள், ஒரு தொடக்கப் பள்ளி, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்று வளாகம் உருவாயிற்று. நூலகம், உணவுக்கூடம், அரங்கம், பாதுகாப்பு முதலிய பொது விஷயங்களைப் பள்ளித் தலைவர்கள் கூடும் கட்டட மன்றம் பேசி முடிவு செய்கிறது. மாணவர்களுக்கான மருத்துவ நிலையமும் குழந்தைகள் காப்பகமும் உள்ளேயே உண்டு. வாசலில் உலோகச் சோதனைக் கருவி வேண்டாம் என்று முடிவெடுத்ததும் அவர்களே.

இரண்டு இடத்திலும் கட்டடம் பெரியது, நோக்கம் ஒன்று. ஆனால் பொதுவான விஷயங்களில் முடிவெடுக்க ஜூலியா ரிச்மனில் ஒரு நிலையான இடம் இருந்தது. சிறு பள்ளிகளுக்குத் தங்கள் காலில் நிற்க அவகாசமும் கிடைத்தது. பெரிய உயர்நிலைப் பள்ளியைச் சிறு கற்றல் குழுமங்களாகப் பிரிக்க நினைப்பவர்கள் சுவரைப் பற்றியும் பெயர்ப்பலகையைப் பற்றியும் யோசிக்கும் முன் இதைத்தான் யோசிக்க வேண்டும். ஆசிரியர் யார், பிள்ளைகள் யார், எந்த நேரத்தில் எந்தப் பாடம், எவ்வளவு பணம் என்ற நான்கையும் குழுமமே முடிவு செய்ய முடியுமா? முடியாதென்றால் பள்ளி பிரியவில்லை, கதவுகளின் நிறம் மட்டுமே மாறியிருக்கிறது.

பள்ளியைச் சிறிதாக்கும் இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1959இல் ஜேம்ஸ் கானன்ட் என்ற கல்வியாளர் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பெரிதாக வேண்டும் என்று எழுதினார். சிறிய பள்ளியால் பலதரப்பட்ட பாடங்களைத் தர முடியாது என்பது அவர் வாதம். பல மாவட்டங்கள் அந்த வழியே போயின. 1984இல் தியோடர் சைசர் என்ற கல்வியாளர் மறுபக்கத்தைப் பேசினார். அவர் தொடங்கிய பள்ளிக் கூட்டமைப்பு, ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் 80 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. ஈஸ்ட் ஹார்லெமில் டெபரா மையர் 1985இல் தொடங்கிய சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளி அது நடக்கக்கூடியதுதான் என்று காட்டியது. 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. அதன் பிறகு, 1,000 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள உயர்நிலைப் பள்ளிகள் சிறு கற்றல் குழுமங்களை அமைப்பதற்கென்றே மத்திய அரசு நிதி ஒதுக்கியது.

முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. பில் கேட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆண்டுக் கடிதத்தில், தாங்கள் பணம் போட்ட சிறு பள்ளிகளில் பலவற்றில் மாணவர் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தலைமையாசிரியருக்குத் தருவது, பாடத்திட்டத்தை மாற்றுவது போன்ற துணிச்சலான மாற்றங்களை அந்தப் பள்ளிகள் செய்யவில்லை. மறுபுறம் நியூயார்க்கில் ஒவ்வொரு வகுப்பு நிலையிலும் சுமார் 100 பேர் மட்டுமே சேரும் புதிய சிறு உயர்நிலைப் பள்ளிகளை எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான முடிவுப்படி, நான்கு ஆண்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் 68.7 சதவீதம், மற்றவர்களிடையே அது 61.9 சதவீதம். இவை பழைய பள்ளியைக் கூறுபோட்டு உருவானவை அல்ல. தங்களுக்கென்று ஆசிரியர்களையும் கொள்கையையும் வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கியவை.

தலைமையாசிரியர் எதைக் கைவிட வேண்டும்

பெரிய பள்ளியில் துணைத் தலைமையாசிரியர்கள் வேலை வாரியாகப் பிரிந்திருப்பார்கள். ஒருவர் ஒழுங்கு நடவடிக்கை, இன்னொருவர் வருகைப் பதிவு, மூன்றாமவர் தேர்வு. மாணவர் ஆலோசகர்களுக்கோ பிள்ளைகளின் குடும்பப் பெயர் அகர வரிசைப்படி பங்கீடு. ஒரு பையன் மூன்று நாள் வராமல் இருந்து, நான்காம் நாள் வகுப்பில் சண்டை போட்டு, கணிதத்தில் தேறாமல் போனால் அவனை மூன்று அலுவலகங்கள் தனித்தனியாகக் கையாளும். மூன்று கோப்புகள் திறக்கப்படும். மூன்றிலும் இருப்பது ஒரே பையன் என்பதை அறிந்தவர் எவரும் இருக்கமாட்டார்.

குழுமங்கள் வந்த பிறகும் இந்தப் பங்கீட்டை அப்படியே வைத்திருப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மாற்ற வேண்டியது எளிது, மனம் ஒப்புவதுதான் கடினம். ஒவ்வொரு துணைத் தலைமையாசிரியரும் ஒரு குழுமத்துக்கு முழுப் பொறுப்பாக வேண்டும். வருகையும் ஒழுங்கும் பெற்றோர் சந்திப்பும் அவரிடமே. ஆலோசகரும் அதே குழுமத்தின் தாழ்வாரத்தில் உட்கார வேண்டும். ஆலோசகர் ஒருவருக்கு 250 மாணவர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. பல மாவட்டங்களுக்கு அது எட்டாத கனவு. ஆனால் 400 பேருக்கு ஒருவர் என்றாலும், அந்த 400 பேரும் அதே ஆசிரியர்களிடம் படிப்பவர்களாக இருந்தால் ஆலோசகரின் பாதி வேலை தாழ்வாரத்திலேயே நடந்துவிடும்.

ஆசிரியர்களிலிருந்து ஒரு பொறுப்பாசிரியரும் ஒவ்வொரு குழுமத்துக்கும் தேவை. இந்தப் பொறுப்பை யாராவது ஒரு நல்லவர் தலையில் கட்டி, கூடவே வழக்கமான ஐந்து வகுப்புகளையும் எடுக்கச் சொல்வது பரவலாக நடக்கிறது. இரண்டாம் ஆண்டில் அவர் களைத்துப்போய் விலகுகிறார், மூன்றாம் ஆண்டில் ஏற்க ஆளில்லை. பொறுப்பாசிரியருக்கு நாளுக்கு ஒரு பாடவேளையாவது, முடிந்தால் இரண்டு, வகுப்பில்லாமல் விட வேண்டும். அதற்கு இன்னொரு ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கு செலவாகும். அந்தத் தொகையை வரவுசெலவில் முதல் வரியாக எழுத முடியாத பள்ளி குழுமங்களைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

இத்தனையும் கொடுத்த பிறகு தலைமையாசிரியருக்கு என்ன மிச்சம்? தலைக்கு மேல் வேலை இருக்கிறது. மாவட்ட அலுவலகம் அனுப்பும் ஒவ்வொரு புது உத்தரவும் குழுமத்தின் நேரத்தைப் பிடுங்காமல் தடுப்பது, குழுமங்களுக்கிடையே வளம் நியாயமாகப் போகிறதா என்று பார்ப்பது, வாரம் ஒருமுறை பொறுப்பாசிரியர்களை ஒன்றாக உட்கார வைத்து எதிர்ப்பையும் கேட்பது. அவர் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டிய அதிகாரம் ஒன்று உண்டு. கால அட்டவணையின் முதுகெலும்பை யாரும் உடைக்காமல் காக்கும் அதிகாரம் அது.

நூறு பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள்

வழக்கமான அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியர் நாளுக்கு ஐந்து வகுப்பு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வகுப்புக்கு முப்பது பேர், ஆக 150 பிள்ளைகள். கால அட்டவணை போடும் கணினி, இடம் எங்கே காலியோ அங்கே பெயரைச் செருகும். அதனால் ஒரு மாணவிக்கு ஆறு ஆசிரியர்கள் இருப்பார்கள். ஆறு பேரும் அவளைப் பற்றி ஒருவரோடொருவர் ஆண்டு முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேச வழியிருக்காது.

இப்போது குழுமத்தின் கணக்கு. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றுக்கு நான்கு ஆசிரியர்கள். ஆளுக்கு நான்கு வகுப்பு, வகுப்புக்கு 25 பேர். நால்வரிடமும் வருவது அதே 100 பிள்ளைகள். மிச்சமாகும் பாடவேளைகளில் ஒன்று அவரவர் தயாரிப்புக்கு, இன்னொன்று நால்வரும் ஒன்றாக உட்கார. இந்தப் பொதுநேரம் இல்லாவிட்டால் மற்ற எதுவும் நடக்காது. பள்ளி விட்ட பிறகு கூடிக்கொள்ளுங்கள் என்று சொல்வதால் பயனில்லை. வீட்டில் குழந்தை காத்திருக்கும், மாலையில் விளையாட்டுப் பயிற்சி இருக்கும்.

இதற்கு ஆள் அதிகம் வேண்டும் என்பதை மறைக்கத் தேவையில்லை. சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் வேறொரு வழி கண்டது. ஆங்கிலத்தையும் சமூக அறிவியலையும் ஒன்றாக்கி ஒரு பாடம் என்றும், கணிதத்தையும் அறிவியலையும் ஒன்றாக்கி இன்னொரு பாடம் என்றும் நீண்ட பாடவேளைகளில் நடத்தியது. ஒருவரே இரண்டு பாடம் எடுத்ததால் அவர் சந்திக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. எல்லா ஆசிரியராலும் இது முடியாது, எல்லா மாநிலச் சான்றிதழ் விதிகளும் விடாது. ஆனாலும் பணமில்லை என்று கைவிரிக்கும் முன் இந்த வழியைப் பரிசீலிப்பது நல்லது.

தொல்லை தருவது, பள்ளி முழுவதுக்கும் ஒரே ஒரு வகுப்பு மட்டும் நடக்கும் பாடங்கள். நுண்கணிதம், பேண்டு வாத்தியக் குழு, நான்காம் ஆண்டு ஸ்பானிஷ் போன்றவை. அட்டவணை போடுபவர் இவற்றை முதலில் நட்டுவிட்டால் குழுமங்கள் அவற்றைச் சுற்றி வளைந்து சிதறிவிடும். ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். முதலில் குழுமங்களின் முக்கியப் பாடங்களையும் பொதுநேரத்தையும் பூட்டிவிடுங்கள். பிறகு நாளின் ஒன்றிரண்டு பாடவேளைகளைப் பள்ளி முழுமைக்கும் திறந்துவையுங்கள். எந்தக் குழுமத்துப் பிள்ளையும் அந்த நேரத்தில் வாத்தியம் வாசிக்கவோ நுண்கணிதம் படிக்கவோ போகலாம். சிறு குழுமத்துக்காக ஒரு பிள்ளை தன் டிரம்பெட்டை விட்டுவிட வேண்டிய நிலை வந்தால் பெற்றோர் எதிர்ப்பார்கள். அவர்கள் எதிர்ப்பது சரி.

மேசையில் பத்துப் பெயர்கள்

அந்தப் பொதுநேரத்தில் என்ன நடக்க வேண்டும்? நன்றாக நடக்கும் ஒரு கூட்டம் ஏறக்குறைய இப்படி இருக்கும். செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளை. நான்கு ஆசிரியர்களும் ஆலோசகரும். மேசைமேல் ஒரு தாளில் பத்துப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே வராத நாட்கள், தாமதங்கள், நான்கு பாட மதிப்பெண். முதல் பெயருக்குரியவன் 9ஆம் வகுப்பு மாணவன். கணித ஆசிரியர், “முதல் பீரியட்ல தூங்குறான்” என்கிறார். ஆங்கில ஆசிரியருக்கு ஆச்சரியம். ஐந்தாம் பாடவேளையில் அவன்தான் அதிகம் பேசுகிறவன். அறிவியல் ஆசிரியருக்கு மட்டும் தெரியும், அவன் இரவு பத்து மணிவரை மளிகைக் கடையில் பெட்டி அடுக்குகிறான் என்று. நான்கு நிமிடத்தில் முடிவு: கணிதத்தைப் பிற்பகலுக்கு மாற்றிப் பார்ப்பது, ஆலோசகர் வியாழனுக்குள் அம்மாவிடம் பேசுவது, அடுத்த செவ்வாய் இதே பெயரை மீண்டும் எடுப்பது. அடுத்த பெயர்.

யார் செய்வார், எந்த நாளுக்குள் என்று இரண்டும் எழுதப்படாத எந்த முடிவும் முடிவாகாது. இன்னொரு கட்டுப்பாடும் தேவை. இந்தக் கூட்டத்தில் பஸ் நேரம், சுற்றுலா அனுமதிச் சீட்டு, நகல் எடுக்கும் இயந்திரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசக் கூடாது. அவை ஒரு மின்னஞ்சலில் முடியும்.

9ஆம் வகுப்பிலிருந்தே இந்தத் தாளைத் தொடங்கச் சொல்வதற்கு வலுவான காரணம் சிகாகோவிலிருந்து வந்தது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலைன் ஆலன்ஸ்வொர்த், ஜான் ஈஸ்டன் இருவரும் 2005இல் ஓர் எளிய அளவுகோலைத் தந்தார்கள். 9ஆம் வகுப்பு முடியும்போது ஐந்து முழு ஆண்டுப் பாடங்களுக்கான மதிப்பலகுகளைப் பெற்று, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத்துக்கு மேல் தவறாதவர் பாதையில் இருக்கிறார். அப்படி இருந்தவர்களில் 81 சதவீதத்தினர் நான்கு ஆண்டில் பள்ளியை முடித்தார்கள். பாதை தவறியவர்களில் 22 சதவீதத்தினர் மட்டுமே. பிறகு நகரப் பள்ளிகள் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலை ஆண்டின் நடுவிலேயே பார்த்து இறங்கி வேலை செய்யத் தொடங்கின. பாதையில் இருந்தவர்களின் விகிதம் 2007இல் 57 சதவீதம், 2013இல் 82 சதவீதம்.

பால்டிமோரின் பேட்டர்சன் உயர்நிலைப் பள்ளியில் 1990களின் நடுவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் தொடங்கிய மாதிரியும் 9ஆம் வகுப்பைத் தனிக் குழுமமாக, கட்டடத்தில் தனிப் பகுதியாகவே வைத்தது. ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் நீண்ட பாடவேளைகள் தந்து, பின்தங்கி வந்தவர்கள் அந்த ஆண்டிலேயே எட்டிப்பிடிக்க வழி செய்தது.

ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர்

கன்சாஸ் மாநிலத்துக் கன்சாஸ் சிட்டி 1998 முதல் தன் மாவட்டம் முழுவதையும் குழுமங்களாக மாற்றியது. உயர்நிலைப் பள்ளிக் குழுமம் ஒன்றில் அதிகபட்சம் 350 பேர். அங்கே ஒவ்வோர் ஆசிரியரும் ஊழியரும் சுமார் 15 மாணவர்களுக்குக் குடும்பத் தொடர்பாசிரியர். பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்வரை அதே ஆள். வாரந்தோறும் பிள்ளையோடு பேச்சு, ஆண்டுக்கு இருமுறையாவது குடும்பத்தோடு சந்திப்பு. எம்டிஆர்சி 2005இல் வெளியிட்ட மதிப்பீட்டில், வருகை, வாசிப்புத் திறன், படிப்பை முடிப்போர் விகிதம் மூன்றும் அங்கே உயர்ந்திருந்தன. அதே மாதிரியைப் பின்னர் எடுத்துக்கொண்ட வேறு மாவட்டங்களில் அத்தகைய முடிவு தெரியவில்லை. கன்சாஸ் சிட்டியில் மாவட்ட அலுவலகமே முழு மனதோடு இறங்கியிருந்தது, ஆண்டுகளும் அதிகம் கிடைத்தன. இரண்டு ஆண்டில் பலனைக் கேட்கும் நிர்வாகம் இந்த வேலையைக் கெடுத்துவிடும்.

ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் 1996இல் திறந்த மெட் பள்ளி இன்னும் ஒரு படி மேலே போனது. ஏறக்குறைய 15 பிள்ளைகள், நான்கு ஆண்டும் ஒரே வழிகாட்டி, வாரத்தில் இரண்டு நாள் வெளியே வேலையிடத்தில் பயிற்சி. இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் வழிகாட்டி வேளையை வருகைப் பதிவு எடுத்து அறிவிப்பு வாசிக்கும் இருபது நிமிடமாக வைத்திருக்கும் பள்ளிகள் இதைப் பார்க்க வேண்டும். கணித ஆசிரியருக்குப் பிள்ளையின் வீட்டுத் துயரத்தைக் கேட்கும் பயிற்சியை யாரும் தந்ததில்லை. எதைக் கேட்கலாம், எதைக் கேட்டவுடன் ஆலோசகரிடம் கொண்டுபோக வேண்டும், பெற்றோருக்கு முதல் தொலைபேசி அழைப்பை நல்ல செய்தியோடு எப்படித் தொடங்குவது என்பவற்றை ஆகஸ்டிலேயே சொல்லிக்கொடுத்தால் அவர் செய்வார். சொல்லிக்கொடுக்காமல் திட்டிப் பயனில்லை.

குழுமங்களில் ஒளிந்திருக்கும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தொழில்துறை வாரியாகக் குழுமங்களை அமைத்தால், மருத்துவத் துறைக் குழுமத்துக்குக் கெட்டிக்காரர்கள், சமையல் கலைக் குழுமத்துக்கு மற்றவர்கள், இப்போதுதான் ஆங்கிலம் கற்கும் குடியேறிகளின் பிள்ளைகள் எல்லோரும் மூன்றாவதில் என்று பள்ளி அமைதியாகப் பிரிந்துவிடும். யாரும் அப்படித் தீர்மானம் போட்டிருக்கமாட்டார்கள். அமெரிக்கச் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருந்தது: குழுமங்களுக்கான அந்த மத்திய நிதியைப் பெற்ற பள்ளி, மாணவர்களைத் திறன் அடிப்படையிலோ தேர்வு அடிப்படையிலோ குழுமத்தில் சேர்க்கக் கூடாது என்றிருந்தது, குலுக்கல் அல்லது மாணவரின் விருப்பம் என்ற இரண்டே வழிகள்தான் இருந்தன. தொழில்துறைக் குழுமம் தாழ்ந்ததாக இருக்க வேண்டியதும் இல்லை. 1969இல் பிலடெல்பியாவில் மின்துறையோடு தொடங்கிய அந்த மரபைப் பற்றிய நீண்ட ஆய்வில், பள்ளிக்குப் பிந்தைய எட்டு ஆண்டுகளில் அந்த மாணவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் தலைமையாசிரியர் குழும வாரியாக மாணவர் பட்டியலை விரித்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் சிறப்புக் கல்விப் பிள்ளைகள் குவிந்திருந்தால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கக் கூடாது.

பாடத்துறையும் குழுமமும்

கணிதத்துறைத் தலைவர் ஒரு பக்கம், குழுமப் பொறுப்பாசிரியர் மறுபக்கம். ஒரே உறையில் இரண்டு கத்தி. யாருடைய கூட்டத்துக்குப் போவது என்று தெரியாமல் ஆசிரியர் இரண்டையும் தவிர்ப்பார். துறைகளைக் கலைத்துவிடுவதும் தீர்வாகாது. கணிதம் எப்படிக் கற்பிப்பது என்பதைக் கணிதம் தெரிந்தவர்கள்தான் பேச முடியும்.

மாசசூசெட்ஸின் பிராக்டன் உயர்நிலைப் பள்ளியை இங்கே பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் 4,000 பேருக்கு மேல் படித்த பள்ளி. நிர்வாக வசதிக்காக நிறங்களின் பெயரில் நான்கு இல்லங்கள் உண்டு; நம் பள்ளிகளில் விளையாட்டு விழாவுக்கு மட்டும் உயிர்பெறும் இல்லங்களைவிடச் சற்று அதிக வேலை அவற்றுக்கு. 1998இல் மாநிலத் தேர்வில் கணிதத்தில் முக்கால்வாசிப் பேர் தவறினார்கள். அங்கே மாற்றத்தைக் கொண்டுவந்தது ஆசிரியர்கள் கூடிய மறுசீரமைப்புக் குழு. வாசிப்பு, எழுத்து, பேச்சு, காரணம் காட்டல் ஆகியவற்றை எல்லாப் பாடத்திலும், உடற்கல்வி உட்பட, கற்பிப்பது என்று முடிவு செய்து ஒவ்வோர் ஆசிரியருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளி பெரிதாகவே இருந்தது, தேர்ச்சி உயர்ந்தது. பாடத்தின் தரம் பள்ளி முழுவதுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

எனவே பங்கீட்டை ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். என்ன கற்பிப்பது, தேர்வு எப்படி, புது ஆசிரியரின் பாட அறிவை யார் சோதிப்பது ஆகியவை துறைக்கு. எந்தப் பிள்ளைக்கு என்ன உதவி, வகுப்பு ஒழுங்கு, பெற்றோர் தொடர்பு, குழுமத்துக்குள் நேரத்தை நீட்டுவதும் குறைப்பதும் குழுமத்துக்கு. புது ஆசிரியரை எடுக்கும்போது இரு தரப்பும் நேர்காணலில் உட்கார வேண்டும். மாதத்தின் நான்கு கூட்டங்களில் மூன்று குழுமத்துக்கு, ஒன்று துறைக்கு என்பது பெரும்பாலும் ஒத்துவரும்.

கடைசியாகத் தலைமையாசிரியர் மாறும் நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அது அடிக்கடி நடப்பது. புதியவர் வந்ததும் முதலில் கண்ணில் படுவது “வகுப்பில்லாத” பொறுப்பாசிரியர்களும், நால்வர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும் அந்தப் பாடவேளையும்தான். சிக்கனம் என்ற பெயரில் இரண்டையும் எடுத்துவிடத் தோன்றும். அதனால் பொறுப்பாசிரியரின் நேரம், குழுவின் பொதுநேரம், சேர்க்கை விதி, துறைக்கும் குழுமத்துக்குமான பங்கீடு ஆகிய நான்கையும் ஆசிரியர் சங்க ஒப்பந்தத்திலோ மாவட்டக் கல்விக் குழுவின் தீர்மானத்திலோ ஏற்றிவிடுவது நல்லது. அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணை வேலை ஜனவரி, பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். அதற்குள் அந்தத் தீர்மானம் நிறைவேறியிருக்க வேண்டும். அட்டவணையின் முதல் வரைவு கணினிக்குப் போகும் முன் பொறுப்பாசிரியர்கள் கையில் இருக்க வேண்டும்.